ப்ரேடியோன்னா பில்டிங் இல்ல தம்பி: போர்ச்சுகல் சொத்துப் பேப்பரை இங்கிலீஷ் பண்றவங்களுக்கு

கேள்வி:

அக்கா, நான் பெங்களூர்ல ஒரு கம்பெனில பிரேசில் கஸ்டமர் சப்போர்ட்ல இருந்தேன், போர்ச்சுகீஸ் பழகினது அங்கதான். இப்ப அந்த வேலைய விட்டுட்டு ஃப்ரீலான்ஸா மொழிபெயர்ப்பு பண்றேன். ஏஜென்சி மூலமா முதல்முறையா ஒரு சொத்து ஃபைல் வந்திருக்கு. போர்ச்சுகல் நடுப்பகுதில ஒரு கிராமத்து வீடு, பக்கத்துல கொஞ்சம் நிலம், வாங்கப்போறது இங்கிலாந்துல இருக்கற ஒரு தம்பதி. கடர்னேட்டா ப்ரெடியல், செர்டிடாவ் பெர்மனென்ட், விற்பனைக்கு முன்னாடி போடற ஒப்பந்தமான கொன்ட்ராட்டோ ப்ரொமெஸா மூணும் இருக்கு. ப்ரேடியோ ருஸ்டிக்கோவ 'ரஸ்டிக் பில்டிங்'னு போட்டேன், ரிவ்யூவர் சிவப்புக் கோடு போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க, ஏன்னு சொல்லல. நிலத்தோட கடர்னேட்டாவுல கபேசா டி கசால்னு இருக்கு, மெஷின்ல போட்டா 'தம்பதியின் தலை'ங்கற மாதிரி வருது. வீட்டு மேல விக்கிறவரோட அம்மா பேர்ல உசுஃப்ருட்டோ, அதுக்கு லைஃப் இன்ட்ரெஸ்ட்னு போடலாமா? இது ஃப்ரீஹோல்டான்னு வாங்குறவங்க கேக்கறாங்களாம், அந்த வார்த்தைய உள்ள வைக்கலாமா? சினால்னா டெபாசிட்தானே? முடிஞ்சா சொத்து வார்த்தைங்க எல்லாத்துக்கும் ஒரு லிஸ்ட் குடுங்க.

பதில்:

தம்பி, லிஸ்ட் மட்டும் கேக்காதீங்க, இந்த விஷயத்துல நான் பார்த்த லிஸ்ட்டுங்க பாதிக்கு மேல ஆளைக் கவுக்கறதுதான். ஒரே வார்த்தை லிஸ்பன்ல ஒண்ணு, சாவ் பாலோல இன்னொண்ணு, கோவாவுல மூணாவது ஒண்ணு. அது போக படிக்கப்போறவர் லண்டன் வக்கீலா, வீடு வாங்குற சாதாரண ஆளா, கோர்ட்டாங்கறத பொறுத்தும் இங்கிலீஷ் மாறும். அதனால நான் எந்த வார்த்தைய எடுத்தாலும் மொதல்ல அகராதியப் பாக்க மாட்டேன், இந்த வரியினால யாருக்கு அந்த மண்ணு மேல என்ன பவர் வருது, யாரு கையெழுத்து போடாம என்ன நடக்காதுன்னுதான் பாப்பேன், அது தெரிஞ்சப்புறம் நான் போடப்போற இங்கிலீஷ் வார்த்தை அதே பவரைத்தான் காட்டுதா, இல்ல இங்கிலாந்து சட்டத்துல இருக்கற வேற எதையாவது கூடவே இழுத்துட்டு வருதான்னு பாக்கணும். இழுத்துட்டு வந்தா அந்த வார்த்தை வேணாம். உங்க ஃபைல வச்சே சொல்றேன்.

ரிவ்யூவர் கோடு போட்டது சரிதான், ஏன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். பிரேசில்காரங்க பேச்சுல ப்ரேடியோன்னா அடுக்குமாடி, அந்தப் பழக்கம்தான் உங்கள மாட்டிவிட்டிருக்கு. போர்ச்சுகல் சிவில் கோட் 204-ஆவது ஆர்ட்டிகிள்ல ப்ரேடியோ ருஸ்டிக்கோன்னா எல்லை பிரிச்ச ஒரு நிலத்துண்டு, அதுல தனக்குன்னு தனி பொருளாதார மதிப்பு இல்லாத கட்டடம் ஏதாவது நின்னாலும் அதையும் சேர்த்து. ப்ரேடியோ உர்பானோன்னா மண்ணோட சேர்ந்து நிக்கிற கட்டடம், அதுக்குப் பயன்படுற முற்றம், கொல்லை எல்லாம் சேர்த்து. இதுல உர்பானோங்கறதுக்கும் நகரத்துக்கும் சம்பந்தமே இல்ல, மலை உச்சில தனியா ஒரு கல்வீடு இருந்தாலும் அது உர்பானோதான். இதோட முடிஞ்சுதான்னா இல்ல, 2003-ல வந்த சொத்துவரி கோடு தனியா ஒரு வகை பிரிப்பு வச்சிருக்கு, அதுல வீடு கட்ட ஒதுக்கின காலி மனையும் உர்பானோவுக்குள்ளதான் வரும். ஆக ஒரு செங்கல் கூட இல்லாத மனைய நீங்க 'அர்பன் பில்டிங்'னு எழுதி, வாங்குறவங்க கட்டடம் எங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? நான் ருஸ்டிக்கோவுக்கு 'ரூரல் லேண்ட்'னும், உர்பானோவுக்கு இடத்தப் பாத்து 'பில்ட் ப்ராப்பர்ட்டி' இல்லன்னா 'பில்டிங் லேண்ட்'னும் போட்டு, முதல் தடவை வரும்போது போர்ச்சுகீஸ் வார்த்தையையும் பக்கத்துலயே விட்டுடுவேன். மிஸ்டோன்னு ஒரு வகையும் உண்டு, ரெண்டும் கலந்தது, அதுக்கு 'மிக்ஸ்டு' போதும்.

இது வெறும் வார்த்தை சண்டை இல்லைங்கறது வாங்குறவங்க பக்கம் நின்னு பாத்தா தெரியும். நடு போர்ச்சுகல்ல நிலத்தோட சேர்த்து ஒரு இடிஞ்ச கல் குடிசைய விப்பாங்க, படத்துல பாக்க அழகா இருக்கும், பேப்பர்ல அது ருஸ்டிக்கோ. 'ரஸ்டிக் பில்டிங்'னு உங்க இங்கிலீஷ்ல படிச்சா அந்தத் தம்பதி ஆஹா நாட்டுப்புற பாணி வீடுன்னு நெனச்சு மேல ஓடு மாத்தி குடியேறக் கெளம்பிடுவாங்க, சட்டப்படி அது விவசாய நிலத்துல இருக்கற ஒரு கொட்டாய், அங்க குடியிருக்க அனுமதி கிடைக்கறது தனிக் கதை.

அடுத்தது நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா கேட்டிருக்கணும். கடர்னேட்டாவையும் செர்டிடாவையும் ஒரே மாதிரி 'டைட்டில் டீட்'னு போட்டீங்களா? நிறைய பேர் போடறாங்க. நம்ம ஊருல பட்டா வேற பத்திரம் வேறன்னு எல்லாருக்கும் தெரியும்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் இது. கடர்னேட்டா வரி ஆபீஸ் பேப்பர், ஃபினான்சாஸ் வச்சிருக்கற மட்ரிஸ்ங்கற வரிப் பதிவேட்டுல இருந்து வர்றது, அங்க யாரு பேரு இருக்கோ அவங்ககிட்ட ஐஎம்ஐங்கற வருஷ வரி வசூல் பண்ணுவாங்க, அதோட சரி, அது உரிமைக்கு ஆதாரம் இல்ல. செர்டிடாவ் வர்றது கன்சர்வட்டோரியாங்கற பதிவு ஆபீஸ்ல இருந்து, அங்க ஒருத்தர் பேர்ல பதிவு இருந்தா உரிமை அவருக்குத்தான் இருக்குன்னு சட்டமே அனுமானிச்சுக்கும், இல்லன்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். அதனால முதல் பேப்பருக்கு 'ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ரெக்கார்ட்', ரெண்டாவதுக்கு 'லேண்ட் ரெஜிஸ்ட்ரி எக்ஸ்ட்ராக்ட்', டைட்டில் டீட்ங்கற பேச்சே வேணாம். கடர்னேட்டாவுல வேலோர் பேட்ரிமோனியல்னு ஒரு தொகை இருக்கும், மெஷின் அத பாரம்பரிய மதிப்பு ரேஞ்சுக்கு கொண்டு போகும், அது வரி போட அரசாங்கம் கணக்கு பண்ணின மதிப்பு, அவ்வளவுதான், மார்க்கெட் விலையும் கிடையாது.

ரெண்டு பேப்பர்லயும் பரப்பளவு ஒத்து வரலன்னா பதறாதீங்க, திருத்தவும் செய்யாதீங்க. போர்ச்சுகல் வடக்குலயும் நடுவுலயும் பல இடத்துல முறையான நில அளவை வரைபடமே கிடையாது, அந்தக் காலத்துல ஓனர் வாயால சொன்ன அளவு அப்படியே மட்ரிஸ்ல ஏறிடுச்சு, அதைச் சரி பண்ணத்தான் 2017-ல சட்டம் போட்டு பூப்பின்னு ஒரு பதிவு ஏற்பாடு கொண்டு வந்தாங்க. உங்க வேலை ரெண்டு எண்ணையும் இருக்கறபடியே குடுத்துட்டு, மூலத்துலயே இப்படித்தான் இருக்குன்னு மொழிபெயர்ப்பாளர் குறிப்புல ஒரு வரி போடறது. எண்ணுன்னதும் இன்னொண்ணு, அவங்க ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் கமாவும் வைக்கிறவங்க. 1.250,50 சதுர மீட்டர்னா ஆயிரத்து இருநூத்தி ஐம்பது சொச்சம், அத அவசரத்துல ஒண்ணேகால் மீட்டராக்கிடாதீங்க.

அந்த நிலத்தோட நாலு எல்லைய எழுதியிருக்கற பகுதிய மறுபடி ஒருதடவை எடுத்துப் பாருங்க. நம்ம பத்திரத்துல செக்குபந்தின்னு வருமே, அது அங்கயும் உண்டு, நோர்ட், சூல், நஷ்சென்ட், பொவென்ட்னு நாலு திசை. நஷ்சென்ட்னா சூரியன் பொறக்கற திசை, கிழக்கு; பொவென்ட் மேற்கு. ஆனா நஷ்சென்ட்டுக்கு நீரூற்றுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, மெஷின் பாதி நேரம் அதைத்தான் எடுக்கும், இல்லாத ஊற்றை நிலத்தோட ஓரத்துல வச்சுட்டுப் போயிடும். கிராமத்து நிலத்துல நிஜமாவே ஊற்று இருந்து, தண்ணி எடுக்கற உரிமை தனியா எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால கண்ண மூடிட்டு எல்லா இடத்துலயும் கிழக்குன்னு ரீப்ளேஸ் குடுக்காம ஒவ்வொரு இடமா வாக்கியத்தப் படிங்க. எல்லைல பக்கத்து நிலத்துக்காரர் பேருக்கு முன்னாடி எர்டெய்ரோஸ் டின்னு வந்தா அவரோட வாரிசுகள்னு அர்த்தம், அவர் செத்து எத்தனை வருஷம் ஆச்சோ தெரியாது, பேப்பர்ல அப்படியேதான் நிக்கும்.

இப்ப கபேசா டி கசால். உங்க ஃபைல்ல ரொம்ப ஆபத்தான வரி இதுதான், நீங்க மெஷின் சொன்னத பாத்து சிரிச்சுட்டு தாண்டிப் போயிருக்கீங்க. ஒருத்தர் செத்ததுக்கப்புறம் சொத்து வாரிசுகளுக்குப் பிரிக்காம மொத்தமா கெடக்கும், அது வரைக்கும் அதப் பாத்துக்கற பொறுப்பு ஒருத்தர்கிட்ட இருக்கும், பெரும்பாலும் உயிரோட இருக்கற கணவனோ மனைவியோ, அவங்கதான் கபேசா டி கசால். பாத்துக்கலாம், வரி கட்டலாம், ஆனா பிரிக்காத சொத்துல ஒரு வீட்டையோ நிலத்தையோ தனியாளா விக்க முடியாது, எல்லா வாரிசும் சேர்ந்து வந்தாதான் விக்க முடியும். இத 'எக்ஸிக்யூட்டர்'னோ 'அட்மினிஸ்ட்ரேட்டர்'னோ போட்டா என்ன ஆகும் தெரியுமா, இங்கிலாந்து சட்டத்துல அந்த ரெண்டு பேருக்கும் செத்தவரோட சொத்து கைக்கே வந்துடும், அவங்களே வித்துடலாம். வாங்குறவரோட லண்டன் வக்கீல் சரி, விக்கிற அதிகாரம் இருக்கறவர்தானேன்னு தலையாட்டிடுவார். அமெரிக்காவுல இருக்கற ஒரு அண்ணனும் பிரான்ஸ்ல இருக்கற ஒரு தங்கச்சியும் கையெழுத்தே போடாத விஷயம் உங்க ஒரு வார்த்தைக்குள்ள காணாமப் போயிடும். இங்க போர்ச்சுகீஸ் வார்த்தைய அப்படியே வச்சுட்டு, பிரிக்காத வாரிசுச் சொத்தை நிர்வாகம் பண்ற வாரிசுங்கறத இங்கிலீஷ்ல நாலஞ்சு வார்த்தைல விளக்குங்க. நீளமா இருக்கும், பரவால்ல. நிலம் இன்னும் இந்த நெலமைல இருக்குன்னா வீடு விக்கிறவருக்கு நிலத்தையும் தனியா விக்க முடியுமாங்கற கேள்வி வரும், அது உங்க வேலை இல்ல, ஆனா அந்தக் கேள்வி வரணும்னா உங்க வரி சரியா இருக்கணும்.

உசுஃப்ருட்டோவுக்கு லைஃப் இன்ட்ரெஸ்ட் வேணாம். பாக்க ரொம்பப் பொருத்தமாத்தான் தெரியும், அம்மா உயிரோட இருக்கற வரைக்கும் அனுபவிக்கலாம், அதானேன்னு. ஆனா இங்கிலாந்துல லைஃப் இன்ட்ரெஸ்ட்னதும் பின்னாடி ஒரு டிரஸ்ட், டிரஸ்டிங்கன்னு ஒரு செட்டப் நிக்கும், போர்ச்சுகல்ல அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அங்க சொத்துரிமைய ரெண்டா பிளந்து அனுபவிக்கற உரிமைய அம்மா கையிலயும், மிச்சம் இருக்கற வெறும் உரிமைய மகன் கையிலயும் குடுத்திருக்காங்க, அம்மாவோடது நேரா அந்த வீட்டு மேலயே ஒட்டிக்கிட்டிருக்கற உரிமை, ஓனர் மாறினாலும் அது போகாது. அவங்க ஆயுசுக்கு மேல நீளாது, கம்பெனிக்கோ சங்கத்துக்கோ குடுத்திருந்தா அதிகபட்சம் 30 வருஷம். இதுக்கு இங்கிலீஷ்லயே 'யூசுஃப்ரக்ட்'ங்கற வார்த்தை இருக்கு, அதையே போடுங்க. மகன் கையில இருக்கற நுவா ப்ரோப்ரியடாட்க்கு 'பேர் ஓனர்ஷிப்'. சாதாரண ஆளுக்குப் புரியுமான்னு கேட்டா புரியாதுதான், புரியாம வக்கீல்கிட்ட கேப்பாங்க, தப்பாப் புரிஞ்சுக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். அம்மாவும் சேர்ந்து கையெழுத்து போட்டு உரிமைய விட்டுக் குடுக்கலன்னா அந்தத் தம்பதி வாங்குறது அவங்க குடியிருக்க முடியாத ஒரு வீடு.

இங்க ஒரு குறுக்கு வழி சொல்றேன், நிறைய பேருக்குத் தெரியாது. ரோமன் சட்ட வழில வந்த சொத்துச் சட்டம் இங்கிலீஷ்லயே எழுதப்பட்டிருக்கற இடங்க உலகத்துல இருக்கு, கனடாவுல கியூபெக், அமெரிக்காவுல லூசியானா. கியூபெக் சிவில் கோடுக்கு அதிகாரப்பூர்வமான இங்கிலீஷ் வடிவம் இருக்கு, லூசியானா கோடு இங்கிலீஷ்லதான் ஓடுது. யூசுஃப்ரக்ட், பேர் ஓனர், லூசியானா பக்கம் நேக்கட் ஓனர், நிலத்துக்கு நிலம் வழி விடற உரிமைக்கு ப்ரெடியல் சர்விட்யூட்னு எல்லாம் அங்க தினப்படி ஓடற இங்கிலீஷ். நீங்களா உக்காந்து வார்த்தை கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அங்க போய்ப் பாருங்க. ஐரோப்பிய யூனியனோட ஐயேட் சொல் தளமும் நல்லதுதான், ஆனா அதுல ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ எந்த நாட்டு சட்டம்னு போட்டிருக்கும், அதப் பாக்காம எடுக்காதீங்க. இதுக்காக எல்லாத்தையும் கியூபெக் ஆக்கிடவும் வேணாம், இப்போதெக்காவுக்கு அங்க ஹைப்போதெக்ம்பாங்க, இங்கிலாந்துத் தம்பதிகிட்ட போய் அதச் சொன்னா முழிப்பாங்க, நான் பேசாம மார்ட்கேஜ்னு போட்டுட்டுப் போயிடுவேன், அந்த இடத்துல பெருசா ஏமாற ஒண்ணும் இல்ல.

ஃப்ரீஹோல்டுக்கு வரேன். அந்த வார்த்தைய மொழிபெயர்ப்புக்குள்ள வைக்காதீங்க, மூலத்துல அப்படி ஒண்ணு இல்ல. இங்கிலாந்துல ஃப்ரீஹோல்டுக்கு, அதாவது காலவரை இல்லாத சொந்தத்துக்கு, அர்த்தம் வர்றதே பக்கத்துல லீஸ்ஹோல்டுன்னு இத்தனை வருஷத்துக்குன்னு எழுதின குத்தகை உரிமை ஒண்ணு நிக்கிறதாலதான். போர்ச்சுகல்ல அந்த ஜோடியே கிடையாது, சிவில் கோட் 1305 சொல்றது முழுசா, தனக்கு மட்டுமே உரிய பயன்பாடு, பலன், விக்கிற அதிகாரம், இதுக்கு 'ஃபுல் ஓனர்ஷிப்' போதும். வீட்டு மேல உசுஃப்ருட்டோ இருக்கறப்ப ஃபுல் ஓனர்ஷிப்னு கூட சொல்ல முடியாது பாருங்க, ஏஜென்சிக்கு பதில் எழுதும்போது அதையும் சொல்லிடுங்க. நாளைக்கு ஃப்ளாட் ஃபைல் வந்தா இன்னும் தலைவலி, அங்க ஃப்ளாட்ங்கறது ஃப்ராசாவ் அவுட்டோனோமா, கட்டடம் ப்ரோப்ரியடாட் ஒரிசொன்டால்ங்கற முறைக்குக் கீழ இருக்கும், ஃப்ளாட் முழுக்க ஓனருக்கே சொந்தம், மாடிப்படி, கூரை, லிஃப்ட் எல்லாத்துலயும் பங்கு, பங்கை ஆயிரத்துக்கு எத்தனைன்னு கணக்கு பண்ணி பெர்மிலாஜெம்னு எழுதுவாங்க. இங்கிலாந்துல ஃப்ளாட்னா பெரும்பாலும் லீஸ்ஹோல்டுங்கறதால அங்க இருந்து வர்றவங்க முதல் கேள்வியே லீஸ் இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னுதான் இருக்கும். 2002-ல காமன்ஹோல்டுன்னு ஒரு சட்டம் கொண்டு வந்து பாத்தாங்க, கிட்டத்தட்ட இதே ஐடியா, ஆனா அங்க அது ஓடவே இல்ல, அதனால அந்த வார்த்தையப் போட்டாலும் யாருக்கும் வெளங்காது.

சினால்னா டெபாசிட்தான், ஆனா வெறும் டெபாசிட் இல்ல. போர்ச்சுகல்ல வாங்குறவர் ஒப்பந்தத்த முறிச்சா குடுத்த சினால் போச்சு, விக்கிறவர் முறிச்சா வாங்கின சினால ரெட்டிப்பாத் திருப்பிக் குடுக்கணும், 442-ஆவது ஆர்ட்டிகிள். ஒப்பந்தத்துல எங் டோப்ரோ, அதாவது ரெட்டிப்பான்னு வர்ற இடத்துல கவனம், 20,000 யூரோ குடுத்திருந்தா திருப்பி வர்றது மொத்தம் 40,000, குடுத்ததும் சேர்த்து. நீங்க டெபாசிட்டையும் அது போக ரெண்டு மடங்கும்னு வர்ற மாதிரி இங்கிலீஷ எழுதினா 60,000 ஆயிடும், சண்டை வந்தா ரெண்டு பக்க வக்கீலும் உங்க வாக்கியத்தத்தான் கையில எடுப்பாங்க. இன்னொண்ணு, கொன்ட்ராட்டோ ப்ரொமெஸாவுல முன்பணம்னு பேரு வச்சுக் குடுத்திருந்தாலும் சட்டம் அத சினால்னுதான் அனுமானிக்கும். அதனால மூலத்துல சினால்னு இருந்தா சினால், முன்பணத்துக்கு அன்டெசிபசாவ்னு வேற வார்த்தை இருந்தா அதுக்கு வேற இங்கிலீஷ், ரெண்டையும் டெபாசிட்ங்கற ஒரே பைக்குள்ள போடாதீங்க. ஒப்பந்தத்துக்கு 'ப்ராமிஸரி கான்ட்ராக்ட்'னே போடலாம், போர்ச்சுகல்ல வீடு வாங்கின இங்கிலீஷ்காரங்க மத்தியில அது பழகிப்போன வார்த்தை. ஒப்பந்தத்த நிறைவேத்தச் சொல்லி கோர்ட் மூலமா கட்டாயப்படுத்தற எக்ஸிக்யூசாவ் எஸ்பெசிஃபிகாவுக்கு 'ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ்' சரியாவே உக்காரும்.

அதே ஒப்பந்தத்துல டிரெய்டோ டி ப்ரெஃபெரென்ஸியான்னு ஒரு க்ளாஸ் இருக்கும் பாருங்க, கிராமத்து நிலம்னா கட்டாயம் கவனிக்கணும். குறிப்பிட்ட பரப்புக்குக் கீழ இருக்கற விவசாய நிலத்த வெளியாளுக்கு வித்தா பக்கத்து நிலத்துக்காரருக்கு முதல்ல வாங்கிக்கற உரிமை உண்டு, சில விலக்கும் உண்டு, அவருக்குத் தெரிவிக்காம வித்துட்டா விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள கேஸ் போட்டு, அதே விலைய கட்டி நிலத்த எடுத்துக்கலாம். இத ப்ரெஃபரன்ஸ் ரைட்னு எழுதினா இங்கிலீஷ் வக்கீலுக்கு ஷேர் ஞாபகமோ திவால் ஞாபகமோதான் வரும். 'ஸ்டாட்யூட்டரி ப்ரி-எம்ப்ஷன் ரைட்'னு போடுங்க, ஸ்டாட்யூட்டரிய விடாதீங்க, யாரும் பேசி எழுதிக்கிட்டதில்ல, சட்டமே குடுத்ததுன்னு அப்பதான் தெரியும்.

செர்டிடாவுல பென்யோரான்னு ஏதாவது வரி இருக்கா? இருந்தா பென்யோர்கூட குழப்பிக்காதீங்க, கடைசில ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா பென்யோர்ங்கறது நகை மாதிரி அசையும் பொருள அடமானம் வைக்கறது, பென்யோரா கோர்ட் வழியா கடன் வசூலுக்காகப் பண்ற ஜப்தி, அதுக்கு 'அட்டாச்மென்ட்'. அர்ரெஸ்டோ யாரையும் அரெஸ்ட் பண்றது இல்ல, அதுவும் ஜப்திதான், தீர்ப்புக்கு முன்னாடியே முன்னெச்சரிக்கையா பண்றது. டிஸ்ட்ராட்னு வந்தா பேங்க் மார்ட்கேஜ விடுவிச்சுக் குடுக்கற பேப்பர். ப்ரொவிசோரியோ போர் டூவிடாஸ்னு வந்தா சந்தேகத்தின் பேரில்னு எழுதி ஆளை பயமுறுத்தாதீங்க, பதிவாளர் ஏதோ குறை கண்டுபிடிச்சிருக்கார், சரி பண்ற வரைக்கும் தற்காலிகப் பதிவு, பொதுவா ஆறு மாசத்துக்குள்ள சரி பண்ணலன்னா அந்தப் பதிவு செல்லாமப் போயிடும்.

உங்க பிரேசில் பழக்கத்துல இன்னும் சிலத கழட்டி வைக்கணும். அலுகெல்னு வீட்டு வாடகைய சொல்லிப் பழகியிருப்பீங்க, போர்ச்சுகல் சிவில் கோட்ல வீடு, நிலம்னா அர்ரென்டமென்டோ, கார், மெஷின் மாதிரி அசையும் பொருள்னாதான் அலுகேர். பிரேசில்ல கார்ட்டோரியோன்னா பதிவு ஆபீஸையும் சேர்த்துச் சொல்வாங்க, போர்ச்சுகல்ல அது நோட்டரி ஆபீஸ், பதிவு கன்சர்வட்டோரியாவுல. பிரேசில்ல மட்ரிகுலாங்கற ஒரே தாளுல சொத்தோட மொத்த கதையும் ஓடும், இங்க டெஸ்க்ரிசாவ் சொத்து என்னன்னு சொல்லும், இன்ஸ்க்ரிசாவ் யாருக்கு என்ன உரிமைன்னு சொல்லும், அவெர்பமென்டோ பின்னாடி வந்த மாற்றம். எஸ்க்ரிட்டூரா பத்தி ஒரு வார்த்தை, நோட்டரி முன்னாடி எழுதற பத்திரம்ங்கறதால 'நோட்டேரியல் டீட்'. ஆனா 2009-ல இருந்து வக்கீலோ சொலிசிடடோரோ சான்று போட்ட தனியார் ஆவணத்துலயும் வீடு விக்கலாம்னு ஆயிடுச்சு, ஜனங்க அதையும் பேச்சுவாக்குல எஸ்க்ரிட்டூரான்னுதான் சொல்லுவாங்க, அதனால பேப்பரோட தலைப்பப் பாத்து எழுதுங்க. சொலிசிடடோர சொலிசிட்டர்னு எழுதற ஆசை வரும், எழுதாதீங்க, அது அங்க வக்கீலுக்குப் பக்கத்துல இருக்கற தனித் தொழில், ஆர்டர்னு தனித் தொழில் அமைப்பே வச்சிருக்காங்க, வார்த்தைய அப்படியே விட்டுடறதுதான் நியாயம்.

பெங்களூர்ல இருக்கறதால கோவா ஃபைலும் இன்னைக்கோ நாளைக்கோ வரும், அதுக்கும் இப்பவே சொல்லிடறேன். கோவா 1961-ல இந்தியாவோட சேர்ந்தப்ப அங்க ஓடினது 1867-ஆம் வருஷ போர்ச்சுகீஸ் சிவில் கோட், போர்ச்சுகல் அத 1966-ல தூக்கிட்டு புதுசு போட்டுடுச்சு. ஆக நான் மேல சொன்ன ஆர்ட்டிகிள் எண் ஒண்ணும் கோவாவுக்கு ஆகாது. வாரிசு விஷயத்துக்கு அவங்க 2012-ல தனியா ஒரு சட்டமும் போட்டாச்சு. அங்க வக்கீலுங்க பல காலமா எழுதிப் பழகின ஒரு இங்கிலீஷ் இருக்கு, கணவன் மனைவி பொதுச்சொத்துல ஒருத்தரோட பாதிக்கு மாய்ட்டி, பாகப்பிரிவினை வழக்குக்கு இன்வென்ட்டரி ப்ரொசீடிங்ஸ், மட்ரிஸ மட்ரிஸ்னேதான் எழுதுவாங்க. லண்டன் இங்கிலீஷ அங்க கொண்டு போய்த் திணிச்சா பனாஜி பதிவாளர் உங்க பேப்பர ஒரு மாதிரியாப் பாப்பார். அஃபொரமென்டோன்னு ஒரு நிரந்தரக் குத்தகை முறை இருக்கே, அது போர்ச்சுகல்ல 1976-லயே ஒழிஞ்சாச்சு, பிரேசில் 2002 கோடு புதுசா போடக்கூடாதுன்னுடுச்சு ஆனா பழசு இன்னும் உயிரோட இருக்கு, கோவாவுல கொமுனிடாட்ங்கற கிராமச் சமூகத்தோட பழைய நிலப் பேப்பர்ல தாராளமா வரும். அதுக்கு வருஷா வருஷம் கட்டற பணத்துக்கு ஃபோரோன்னு பேரு. அதே ஃபோரோ இப்பத்திய ஒப்பந்தத்தோட கடைசிப் பக்கத்துல வந்தா எந்த ஊர் கோர்ட்டுல வழக்குன்னு சொல்ற க்ளாஸ். பக்கத்தப் பாக்காம வார்த்தைய மட்டும் பாத்தா குத்தகைப் பணம் வர வேண்டிய இடத்துல கோர்ட் வந்து உக்காந்துக்கும்.

இப்ப உங்க ஃபைலுக்கு வாங்க. ஏஜென்சிக்கு இன்னைக்கே மெயில் போட்டு இது வாங்குறவங்க படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கா, அவங்க வக்கீலுக்கான்னு கேளுங்க, வக்கீலுக்குன்னா விளக்கம் குறையலாம், தம்பதிக்குன்னா கூடணும். போர்ச்சுகல்ல எங்கயாவது தாக்கல் பண்ண சான்றிட்ட மொழிபெயர்ப்பு வேணும்னு சொன்னா அது வேற வேலை, பிரேசில் மாதிரி பரீட்சை எழுதி வந்த அரசு மொழிபெயர்ப்பாளர் அங்க கிடையாது, நோட்டரி இல்ல வக்கீல் முன்னாடி மொழிபெயர்த்தவர் உறுதி சொல்லி சான்று வாங்கணும், பெங்களூர்ல உக்காந்துட்டு நீங்க ஒத்துக்காதீங்க. ஒரு போர்ச்சுகீஸ் சொல்லுக்கு ஃபைல் முழுக்க ஒரே இங்கிலீஷ், அழகுக்காக மாத்தி மாத்தி எழுதறதெல்லாம் கதைக்குத்தான். ரஸ்டிக் பில்டிங் எங்கெல்லாம் இருக்கோ தேடி மாத்துங்க, மூணு பேப்பர்லயும் இருக்கும். கடைசில தனித் தாளா மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, அதுல மூணே விஷயம்: பரப்பளவு ரெண்டு பேப்பர்ல ஒத்துப்போகலன்னா அது, நிலம் பிரிக்காத வாரிசுச் சொத்தா பதிவாகியிருக்கறது, வீட்டு மேல மூணாவது ஆளுக்கு யூசுஃப்ரக்ட் இருக்கறது. எந்தப் பக்கம், எந்த வரின்னு மட்டும் காட்டுங்க. வாங்காதீங்கன்னோ, அம்மாகிட்ட கையெழுத்து வாங்குங்கன்னோ எழுதாதீங்க, அதுக்கு அவங்க அங்க ஒரு அட்வோகாடோவுக்கு, அதான் வக்கீலுக்கு, காசு குடுக்கப்போறாங்க. இந்தக் குறிப்புக்கு ஏஜென்சி தனியா காசு தர மாட்டாங்க, அடுத்த ஃபைல்ல இருந்து உங்க ரேட்டுலயே சேர்த்துச் சொல்லிடுங்க.